திருவண்ணாமலை அடிவாரத்தில் திக்கிய கார்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். திருவண்ணாமலை என்றதும் கிரிவலம், கார்த்திகை தீபம் என்று வடக்கே போய்விடாதீர்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி ஒரு சின்னக் குன்று. மேலே ஸ்ரீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமை வந்தால் சுற்றுவட்டாரமே அங்கேதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி என்று எல்லா ஊர் வண்டிகளும் அந்த ஒரே ரோட்டில் ஊர்ந்து கொண்டிருக்கும்.

போன புரட்டாசியில் அந்த ஊர்வலத்தில் எங்கள் காரும் ஒன்று. தாத்தா வாங்கிய கார். 1990களில் வந்த கார்புரேட்டர் வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மெயின் ரோட்டில் 60ல் ஜம்மென்று வந்தது. அடிவாரக் கூட்டத்தில் முதல் கியரில் ஊரத் தொடங்கியதும் ஆரம்பித்தது வினை. திக் திக் திக்... ஒரு குலுக்கல், ஒரு இழுப்பு, மறுபடி குலுக்கல். காலை எடுத்தால் ஆஃப். பின்னால் வந்த வேன்காரர் ஹாரனிலேயே அர்ச்சனை செய்தார் :-)

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்து கூடிவிட்டது. தாத்தா போய் எட்டு மாதம் ஆகிறது. வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான் கிடந்தது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு. 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். அவர்கள் பிளக்கையும் காயிலையும் மாற்றினார்கள், 4,200 ரூபாய் பில் போட்டார்கள், திக்கல் அப்படியே இருந்தது. அடுத்து "இன்ஜின் வேலை பண்ணணும், 18,000 ஆகும்" என்றார்கள். மாமா சொன்னார், "எடைக்குப் போட்டுருவோம்க்கா". அம்மா பதில் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி முயற்சியாக, ராஜபாளையத்தில் தாத்தா வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம். 350 ரூபாய். வண்டி சரியாகிவிட்டது.

எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தபோது ஒரு நூறு வருஷத்துக் கதை அதற்குள் இருப்பது தெரிந்தது. படிப்பது காமர்ஸ்தான், மெக்கானிக்கல் இல்லை. ஆனால் கதையின் பிற்பாதியில் காமர்ஸும் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன்?

இதுதான் முதல் கேள்வி. 60ல் ஒழுங்காக ஓடும் வண்டி 10ல் ஏன் திக்க வேண்டும்?

பெட்ரோல் திரவமாக இருந்தால் இன்ஜினுக்குள் சரியாக எரியாது. காற்றோடு சரியான அளவில் கலந்து தூவலாகப் போக வேண்டும். எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். காற்று வேகமாக ஒரு குழாயின் வாயைக் கடந்தால் அங்கே அழுத்தம் குறையும், கீழே இருக்கும் மருந்து தானாக மேலேறித் தூவும். டேனியல் பெர்னூலி 1738ல் எழுதிய தத்துவம். குறுகலான குழாயில் காற்றோ நீரோ வேகமெடுக்கும் என்று காட்டிய இத்தாலியர் வெஞ்சுரி. கார்புரேட்டரின் நடுவில் இடுப்புபோல் குறுகும் பகுதிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் தூவும் கார்புரேட்டரைச் செய்தார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின் மேல் நீர் தூவுவதைப் பார்த்துத்தான் ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, நல்ல கதை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது. அப்போது காற்று வரும் கதவு (த்ராட்டில்) கிட்டத்தட்ட மூடிவிடும். குறுகிய இடுப்பில் காற்று வேகமே இல்லை. பெட்ரோலை மேலே இழுக்க ஆள் இல்லை. இன்ஜின் பட்டினி. ஆனால் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், இன்ஜின் பக்கம், வெற்றிடம் பலமாக இருக்கும். அந்த இடத்தில் ஊசி முனை மாதிரி ஒரு தனி ஓட்டையைப் போட்டு, அதன் வழியாகச் சொட்டுப் பெட்ரோல் கொடுத்தார்கள். நம் மெக்கானிக்குகள் சொல்லும் ஸ்லோ ஜெட் இந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரான்சில் 1910 வாக்கில் தொடங்கிய சோலெக்ஸ் மாதிரியான கார்புரேட்டர்களில் இந்த ஏற்பாடு.

ஆக ஒரு கார்புரேட்டருக்குள் இரண்டு சமையலறை. வேகமாகப் போகும்போது மெயின் ஜெட் சமைக்கிறது. மெதுவாகப் போகும்போது ஸ்லோ ஜெட். ஸ்லோ ஜெட்டின் ஓட்டை மிகச் சிறியது. ஒரு துளி பிசின் போதும், அடைத்துவிடும். அப்போது 60ல் பிரச்சினை இருக்காது, 10ல் மட்டும் திக்கும்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். செருப்புக் கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1904ல், தோல் துருத்தி ஒன்றை வைத்து, இன்ஜினின் தேவைக்கேற்ப இடுப்பே விரிந்து சுருங்குகிற மாதிரி செய்தார். காற்று குறைந்தால் இடுப்பும் குறையும், வேகம் மாறாது. தனி ஸ்லோ ஜெட்டே வேண்டாம். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்ற பெயர்தான் சுருங்கி எஸ்.யூ. ஆனது. அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது இந்த எஸ்.யூ.தான். வீட்டில் இருந்த தோலை வைத்து ஒரு செருப்புக் கடைப் பையன் காரின் திக்கலுக்கு மருந்து கண்டுபிடித்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பெட்ரோல் பாதிக் கதை. மீதி பாதி பொறி. 1902ல் பாஷ் கம்பெனியின் உயர் அழுத்த மேக்னட்டோ வந்தது. 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி, காயில், பாயின்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் திறந்து மூடும் அந்தப் பாயின்ட் அடுத்த அறுபது எழுபது வருஷத்துக்கு உலகம் பூராவும் டிரைவர்களின் உயிரை வாங்கியது.

கரி தின்ற பஸ்கள்

நம் ஊருக்கு வருவோம். தென் மாவட்டங்களில் மோட்டார் என்றால் டி.வி. சுந்தரம் ஐயங்காரில்தான் தொடங்க வேண்டும். 1877ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1910களின் தொடக்கத்திலேயே பஸ் விட்டு, மதுரையைத் தலைமையிடமாக வைத்து டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்தவர். மேற்கே ஜி.டி. நாயுடு 1920ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தொடங்கினார். அந்தக் காலத்தில் வழியில் வண்டி நின்றால் போன் செய்து யாரையும் கூப்பிட முடியாது. டிரைவரே மெக்கானிக்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, அங்கிருந்து வந்த எண்ணெயும் போயிற்று. பஸ்கள் நிற்கும் நிலை. அப்போது சுந்தரம் ஐயங்கார் தயாரித்து விற்றதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். கரியை அடுப்பில் போட்டு, போதாத காற்றைக் கொடுத்து அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த ஒரு வாயு வரும். அதை வடிகட்டி இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடும். ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பெர்ட் போன்றவர்கள் 1920களிலேயே விறகு வாயுவில் வண்டி ஓட்டிக் காட்டியிருந்தார்கள். போர்க்காலத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இப்படி ஓடின.

இதில் ஒரு வேடிக்கை. கரி வாயுவிலும் அதே நோய்தான். வண்டி வேகமாகப் போனால் இன்ஜின் நன்றாக இழுக்கும், அடுப்பில் காற்று பாயும், தணல் கொழுந்துவிடும், வாயு நன்றாக வரும். ஸ்டாண்டில் நின்றாலோ ஊர்ந்தாலோ இழுப்பு குறையும், தணல் மங்கும், வாயு கெடும், இன்ஜின் திக்கும். ஸ்லோ ஜெட் இல்லாத கார்புரேட்டருக்கு என்ன நேருமோ அதுவே கரி அடுப்புக்கும். முன்னே டிரைவர் ஸ்டியரிங் பிடிக்க, பின்னே கிளீனர் அடுப்பைக் கிளற, ஏற்றத்தில் சனங்கள் இறங்கித் தள்ள... இப்படித்தான் ஒரு தலைமுறை இன்ஜினின் பசியைக் காதால் கேட்டுப் புரிந்து கொண்டது என்று நினைக்கிறேன்.

மூன்று கார் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கே உற்பத்தி செய்யாமல் வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. 1950களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. கடைசியில் மக்கள் வாங்க முடிந்த கார் மூன்றே மூன்று. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் (பின்னால் பிரீமியர் பத்மினி), நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. 1961ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1970களில் கேஸல், 1985ல் ஸ்டாண்டர்டு 2000. 1988 வாக்கில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

புக் செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். வந்த காரைத் தூக்கிப் போட முடியாது, பிள்ளை மாதிரி வளர்க்க வேண்டும். வெளிநாட்டு உதிரி பாகம் கிடையாது. 1951ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ பிளக் கொடுத்தது. 1961ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். சென்னை பாடியிலிருந்து டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொடுத்தது. கிடைக்காததை லேத்தில் கடைந்தார்கள்.

பொருளாதாரப் பாடத்தில் லைசென்ஸ் ராஜ் என்றால் தட்டுப்பாடு, தரக்குறைவு, தாமதம் என்று எழுதி மார்க் வாங்குவோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பாடப்புத்தகத்தில் வராத ஒரு வரவு உண்டு. மாற்ற முடியாத இடத்தில்தான் பழுது பார்க்கத் தெரிந்தவன் உருவாகிறான். ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் ஒரு மரம், மரத்தடியில் ஒரு மெக்கானிக், அவருக்குக் கீழே ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஒரு பையன். பையன் பத்து வருஷத்தில் மெக்கானிக். சர்டிபிகேட் கிடையாது, சிலபஸ் கிடையாது. கார்களும் மூன்றே வகை என்பதால், கற்றுக்கொண்டது வீணாகாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, ஜப்பானிய மிக்குனி வகைக் கார்புரேட்டர். 1985ல் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையைச் சேர்ந்த யூகால் நிறுவனம் கார்புரேட்டர் செய்ய இறங்கியது. அப்போதும் மரத்தடி மெக்கானிக்குகள் பிழைத்தார்கள். புதுக் கார்புரேட்டர் சிறியது, நுணுக்கமானது, ஆனாலும் கழற்றினால் உள்ளே அதே இரண்டு சமையலறைகள்தான்.

சட்டத்துக்குள் வந்த ஐட்லிங்

மெதுவாக ஓடும் இன்ஜின் அதுவரை டிரைவரின் தலைவலி. பிறகு அது அரசாங்கத்தின் தலைவலி ஆனது. நிற்கிற இன்ஜின் விடும் புகைதான் நகரத்தில் எல்லோர் மூக்கிலும் ஏறுகிறது. 1989 மோட்டார் வாகன விதிகள் நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்கு வைத்த முதல் அளவே ஐட்லிங்கில்தான். கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பாரத் ஸ்டேஜ் 2 முதலான பெட்ரோல் கார்களுக்கு 2004ல் அது 0.5 சதவீதமாக இறுகியது.

இடையில் நடந்தது பெரிய மாற்றம். 1995ல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னையில் ஈயமில்லா பெட்ரோலும், புதுக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. 2000ல் நாடு முழுக்க ஈயம் போனது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அழுத்தத்தில் தலைநகர்ப் பகுதியில் 1999லும், நாடு முழுக்க 2000லும் யூரோ 1க்குச் சமமான விதிகள் வந்தன. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய 14.7க்கு 1 என்ற கணக்கு நொடிக்கு நொடி சரியாக இருக்க வேண்டும். காதால் கேட்டுத் திருகும் ஸ்க்ரூவால் அது முடியாத காரியம்.

தீர்வு வெளிநாட்டில் தயாராக இருந்தது. பாஷ் 1967லேயே ஃபோக்ஸ்வாகன் 1600க்கு எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கொடுத்துவிட்டது. 1976ல் வால்வோவில் ஆக்ஸிஜன் சென்சார் வந்தது, அதாவது புகையை மோந்து பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்தும் மூக்கு. நம் ஊரில் 1998ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோ இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 2000 வாக்கில் மாருதி 800ம் மாறியது. புதுக் கார்களில் கார்புரேட்டர் கதை முடிந்தது. பைக்குகளில் மட்டும் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வரும்வரை நீடித்தது. மெக்கானிக் அண்ணாச்சியின் கடையும் அதுவரை பைக் கார்புரேட்டரை நம்பித்தான் ஓடியிருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் காரும் மெதுவாகப் போகும்போது திக்கும், தெரியுமா? காரணங்கள்தான் வேறு. த்ராட்டில் கதவைச் சுற்றிப் படியும் கரி, ஐட்லிங் காற்றை அளந்துவிடும் வால்வில் அழுக்கு, அடைத்த இன்ஜெக்டர், விரிசல் விட்ட காயில், பொய் சொல்லும் சென்சார். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் மாட்ட வேண்டும். ஸ்கேனரில் வரும் நம்பருக்கு அர்த்தம் தெரிய வேண்டும். அந்த அர்த்தம் யாரிடம் இருக்கிறது?

இங்கேதான் காமர்ஸ் வருகிறது. 2011ல் ஒரு வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் அசல் உதிரி பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்ப விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்பது புகார். 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கார் விற்கும் சந்தையில் போட்டி இருக்கலாம், ஆனால் வாங்கிய பிறகு அந்தக் காரின் பாகங்களுக்கும் பழுதுக்கும் அந்தக் கம்பெனிதான் ஏகபோகம் என்பது ஆணையத்தின் வாதம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. கார்களும் அதில் உண்டு.

மோனோபொலி என்ற அத்தியாயத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். அது எங்கள் ஊர்ப் புளியமரத்தடி வரை வரும் என்று அப்போது தோன்றவில்லை.

அண்ணாச்சி என்ன செய்தார்?

சரி, வாக்குக் கொடுத்த மாதிரி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால் உதவும்.

முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான். "எப்பத் தம்பி திக்குது? காலைல எடுத்ததுமா, சூடேறின பொறவா? வேகமாப் போனா சரியாகுதா? எவ்வளவு நாளா வண்டி சும்மா நின்னுச்சு?" வேகமாகப் போனால் சரியாகிறது என்றதும் தலையாட்டினார். மெயின் ஜெட், பெட்ரோல் பம்ப், இன்ஜின் கம்ப்ரஷன் எல்லாம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். அந்த ஒரு பதிலில் 18,000 ரூபாய் வேலை அடிபட்டுப் போயிற்று.

இரண்டாவது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, திக்கிக் கொண்டிருக்கும்போதே சோக் குமிழை லேசாக இழுத்தார். திக்கல் நின்றது! சோக் இழுத்தால் காற்று குறையும், கலவையில் பெட்ரோல் கூடும். அதில் சரியானால், ஒன்று பெட்ரோல் பத்தவில்லை, அல்லது எங்கிருந்தோ வேண்டாத காற்று நுழைகிறது. சோக் இழுத்து இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்.

மூன்றாவது, பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார். வெளிறி இருந்தது. இளம் பழுப்பு என்றால் சரி, கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் பெட்ரோல் குறைவு. சோக் சொன்னதையே பிளக்கும் சொன்னது. பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக இன்சுலேஷன் பிளேயரால் எடுத்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் சத்தம் மாறியது. அப்படியென்றால் எல்லா சிலிண்டரும் வேலை செய்கிறது. (இதை எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள புது வண்டியில் செய்யாதீர்கள். வண்டிக்கும் கேடு, கைக்கும் ஷாக்.)

நான்காவது, ஒரு மை ஃபில்லரில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டர் அடியிலும், ரப்பர் டியூப்கள் மேலும் சொட்டு சொட்டாக விட்டார். ஓரிடத்தில் விட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. அந்த டியூபில் மயிரிழை விரிசல். மெதுவாக ஓடும்போதுதான் உள்ளே வெற்றிடம் அதிகம், அப்போது வரும் மொத்தக் காற்றும் குறைவு. அதனால் சின்ன விரிசலும் பெரிய திருட்டு. வேகத்தில் அது கணக்கிலேயே வராது. டியூபை மாற்றியதும் பாதித் திக்கல் போனது.

மீதிப் பாதி, எதிர்பார்த்த இடத்தில். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். ஓட்டையே தெரியவில்லை. எட்டு மாதம் நின்ற பெட்ரோல் ஆவியாகி மஞ்சள் பிசினாகி அடைத்திருந்தது. பெட்ரோலில் ஊறவைத்து, பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்து எடுத்தார். கம்பி விட்டுக் குத்தவில்லை. "குத்துனா ஓட்டை பெருசாயிரும், பொறவு வாழ்நாள் பூரா பெட்ரோல் குடிக்கும்" என்றார். கடைசியாக மிக்சர் ஸ்க்ரூவைத் திருகி, காதைச் சாய்த்து, இன்ஜின் ஒரே சீராக முணுமுணுக்கும் இடத்தில் நிறுத்தினார்.

அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப் பையன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் ஸ்கேனரோடு பழகியவர்கள். எங்கள் வண்டியில் ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. கேட்டு, சோதித்து, ஒவ்வொரு காரணமாகக் கழித்துக் கொண்டே வருவதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கருவி இல்லை என்றதும் பாகத்தை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அண்ணாச்சி செய்ததும் கார்புரேட்டருக்கு மட்டும் உரிய வித்தை இல்லை. எப்போது, எந்த நிலையில் என்று கேட்பது, பைசா செலவில்லாத சோதனையை முதலில் செய்வது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, இது மூன்றும் எந்த வண்டிக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது, 2025ல் அதுவே பரவலாகிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு என்பதால், பழைய ஜெட் அளவுக்குக் கலவை இன்னும் பெட்ரோல் குறைந்ததாகவே அமையும். ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால் பழைய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள், ரப்பர் டியூப்களை மாற்றுங்கள்.

காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டேன், "அண்ணாச்சி, கார்புரேட்டர் வேலை இப்ப எவ்வளவு வருது?" "மாசம் மூணு வந்தா பெருசு தம்பி" என்றார். கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் பையன் யாரும் இல்லை. அவர் மகன் வெளியூரில் செல்போன் கடையில் இருக்கிறானாம். எனக்கு அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கார்புரேட்டர் திரும்பி வர வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் புகையை நாம் எல்லோரும் சுவாசித்திருக்கிறோம். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவு தெருவிலிருந்து கம்பெனி சர்வருக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்பது நம் உரிமை என்று மட்டும் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவர் சொன்னபடி வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். 10,000 ரூபாய் கட்டி ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான், காமர்ஸ் படிக்கிற எனக்கே தெரிகிறது. மாமா இன்னும் திட்டிக் கொண்டிருக்கிறார்.

கடைசி புரட்டாசி சனிக்கிழமை மறுபடி திருவண்ணாமலைக்குப் போனோம். அதே கூட்டம், அதே ஊர்வலம், முதல் கியர். முன் சீட்டில் அம்மா இருந்தாள். வண்டி ஒரு தடவைகூடத் திக்கவில்லை. "அப்பா ஓட்டுற மாதிரியே இருக்குடா" என்றாள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மெக்கானிக் இருந்தால், அவர் எப்படிப் பழுதைக் கண்டுபிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம். பரீட்சை முடிந்த பிறகு :-)